கருகிய செம்பு எங்கிருந்து வந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

தோட்டத்து மோட்டார் ஒயர் திருடு போனால் ‘இத்தனை ஆயிரம் ரூபாய் மதிப்பு’ என்று செய்தி வருகிறது. மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒயர் போனால் கடனை உடனை வாங்கியாவது புதுசு மாட்டிவிடலாம். அறுத்த பிறகு அங்கே கிடக்கும் மிச்ச ஒயர்தான் ஆளைக் கொல்லும்.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ரூமுக்கும் போர்வெல்லுக்கும் நடுவில் இருந்த ஒயரை ராத்திரியில் அறுத்துவிட்டார்கள். அப்போது மோட்டாரை ஓட்டும் த்ரீ ஃபேஸ் கரண்ட் இல்லை. கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும்படி ஸ்டார்ட்டரை ‘ஆட்டோ’வில் போட்டுவிட்டுத் தூங்கியிருந்தார் தோட்டத்துக்காரர். விடிகாலையில் கரண்ட் வந்ததும் ஸ்டார்ட்டர் தானாக இழுத்துக்கொண்டு, அறுந்த ஒயருக்குக் கரண்டை விட்டது. வாய்க்கால் ஈரத்தில் கிடந்த முனையை மிதித்த கறவை மாடு அந்த இடத்திலேயே விழுந்தது. சத்தம் கேட்டு நான் ஓடிப்போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கும்போது, அவர் மாட்டைத் தூக்க நாலடி தூரத்தில் வந்துவிட்டார். ஈர மண்ணில், வெறுங்காலோடு. சேற்றுக்குள் மூன்று செம்பு முனைகளும் புதுக்காசு போல மின்னியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

லீக் ஆகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியை அறுப்பது இதைவிட மோசம். மோட்டார் வழக்கம்போல ஓடும், யாருக்கும் தெரியாது. என்றைக்காவது லீக் ஆனால் ஃபியூஸ் போகாமல் ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே கரண்ட் நிற்கும். சுவிட்சு போடப் போகிறவர் கதி என்ன? அறுக்கப் போகிற பையன்களும் கரண்ட் வராது என்ற நம்பிக்கையில்தான் கை வைக்கிறார்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே.

சரி, அறுத்த ஒயர் எங்கே போகிறது? ஓடைப் புறம்போக்கில் போட்டு எரிக்கிறார்கள். அந்தக் கரும்புகை எங்கள் வீடு வரைக்கும் வந்து தொண்டையைப் பிடிக்கிறது. பிளாஸ்டிக் உருகியதும் கம்பியைச் சுருட்டிப் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப் போகிறார்கள். வயரிங் வேலையில் மிஞ்சிய துண்டு ஒயர் மேலுறையோடுதான் கடைக்கு வரும். கறுத்துப்போய், கிலோக்கணக்கில், ராத்திரியில் வருகிற செம்பு எங்கிருந்து வந்தது என்று எடை போடுகிறவருக்குத் தெரியாமலா இருக்கும்?

2003 மின்சாரச் சட்டத்தின் 136-வது பிரிவு ஒயரைத் திருடியவருக்கு. 137-வது பிரிவு, திருட்டு ஒயர் என்று தெரிந்தே வாங்கியவருக்கு. இரண்டிலும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் அறுத்த பையன்தான் பிடிபடுகிறான். வாங்கிய கடையில் யாரும் கேட்பதில்லை. செம்பு விற்க வருகிறவரின் பெயர், ஊர், போன் நம்பரை ஒரு நோட்டில் எழுத வைத்து, காவல்துறை வாரம் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும்.

அதுவரை விவசாயிகளுக்கு ஒன்று சொல்கிறேன். காலையில் மோட்டார் ரூமில் கை வைப்பதற்கு முன்னால், போர்வெல் வரைக்கும் ஒயர் முழுசாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். அறுபட்டிருந்தால் கிட்டே போகாமல் உடனே லைன்மேனைக் கூப்பிடுங்கள். மாடு விழுந்து கிடந்தாலும் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
தாராபுரம் வட்டம்.