நீட்டா, ஜேஇஇயா என்று கேட்டிருந்தாயே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மாவின் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள். இங்கே எல்லோரும் நலம். வரும் மே மாதத்தோடு எனக்குப் பணி ஓய்வு. அதனால் பிளஸ் டூ வேதியியல் வகுப்பை யாரிடமும் கொடுக்க மனமில்லாமல் நானே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இனி உன் மகள் விஷயம். மருத்துவத்துக்கான நீட், பொறியியலுக்கான ஜேஇஇ இரண்டுக்கும் சேர்த்துப் பயிற்சி தருகிறார்களாம், பணம் கட்டட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது கட்டாதே. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவை எடுத்த பிள்ளைகளின் வீட்டில் வருஷா வருஷம் இந்தக் குழப்பத்தைப் பார்க்கிறேன். எல்லாத் தேர்வையும் எழுதத் தகுதி இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றுக்கும் படிக்க வைத்து, பிள்ளையைச் சோர்ந்துபோகச் செய்துவிடுகிறோம்.

மூன்று தேர்வுகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். நீட், ஜேஇஇயின் முதல் கட்டமான ஜேஇஇ மெயின், ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் தங்கள் படிப்புகளுக்கு நடத்தும் ஐஏடி. மூன்றுக்கும் நேரம் மூன்று மணி. நீட்டில் 180 கேள்விகள், ஜேஇஇ மெயினில் 75, ஐஏடியில் 60. அதாவது ஒரு கேள்விக்கு நீட்டில் ஒரு நிமிடம், ஜேஇஇயில் இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, ஐஏடியில் மூன்று நிமிடம். பிள்ளையின் இயல்பு எதற்குப் பொருந்தும் என்பதை இதிலேயே பாதி கண்டுபிடித்துவிடலாம். நீட்டில் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. புத்தகத்தை வரி விடாமல் படித்து, படித்ததைத் தயங்காமல் எடுத்துக் குறிக்கும் பிள்ளைக்கு அது ஏற்றது. உன் மகளோ ஒரு கணக்கைப் பிடித்தால் மூன்று வழியில் போட்டுப் பார்த்த பிறகுதான் விடுவாள் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் குணத்தை நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்று ஓட வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவளுக்கு முதலில் ஐஏடிதான் என்று நினைக்கிறேன். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலிருந்தும் 15 கேள்விகள் வரும். உயிரியல் படிக்காத பிள்ளைகள் அங்கே திணறுவார்கள். இவளுக்கு நான்கும் தெரியும். ஐசர்கள் மொத்தம் ஏழு, நமக்குப் பக்கத்தில் திருப்பதியும் திருவனந்தபுரமும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு ஆராய்ச்சிப் பட்டப்படிப்புக்கும் இந்தத் தேர்வு வழியாகச் சேர்க்கிறார்கள். ஒரு சங்கடம் உண்டு: வினாத்தாள் தமிழில் கிடையாது. நீட்டையும் ஜேஇஇ மெயினையும் தமிழில் எழுதலாம். ஐஐடிகளில் சேர மெயினுக்குப் பிறகு எழுதும் ஜேஇஇ அட்வான்ஸ்டும் ஆங்கிலம், இந்தியில் மட்டுமே. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் என்பதால், ஆங்கிலக் கேள்விகளை வாசித்துப் பழக இப்போதிருந்தே நேரம் ஒதுக்க வேண்டும்.

ஜேஇஇ மெயினை இரண்டாவதாக வைத்துக்கொள். பாடம் பெரும்பாலும் ஒன்றுதான், தனி உழைப்பு அதிகம் தேவைப்படாது. அந்தத் தேர்வு வழியாகச் சேர்க்கும் மத்திய அரசுப் பொறியியல் நிறுவனமான திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் நம் மாநிலப் பிள்ளைகளுக்கு என்பதை மறக்காதே.

அண்ணனுக்கு மகளை டாக்டராகப் பார்க்க ஆசை என்று தெரியும். அவளுக்கும் அந்த ஆசை இருந்தால் நான் சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டு நீட்டுக்கு மட்டும் படிக்கட்டும். ஆனால் அவள் வாயால் கேட்டுவிடுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்கத்தான் பிடிக்கும் என்றால், நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நிரப்பப்படுகின்றன. சித்த மருத்துவத்துக்கு நீட் வேண்டும், கால்நடைக்கு வேண்டாம். பல பெற்றோருக்கு இது தெரிவதே இல்லை.

இதைவிட எனக்குக் கவலை, நுழைவுத் தேர்வு மும்முரத்தில் பள்ளிப் பாடத்தைக் கைவிடுவது. 2006 சட்டத்துக்குப் பிறகு நம் மாநிலத்தில் பொறியியலுக்குத் தனி நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கணக்கிட்டு அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள் வரை இடம் தருகிறார்கள். வேளாண்மைக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படிக்கிறாள், 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. கட்டணத்தை அரசே ஏற்கிறது. இத்தனை பக்கபலம் உள்ள பிள்ளைக்கு மதிப்பெண்தான் முதல் சொத்து.

ஒன்று செய். மூன்று தேர்வுகளின் பழைய வினாத்தாளையும் இணையத்திலிருந்து எடுத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கடிகாரம் வைத்து எழுதச் சொல். படிக்காமலே எழுதட்டும். மதிப்பெண் முக்கியமில்லை, தெரியாமல் விட்டது எது, நேரம் போதாமல் விட்டது எது, அவசரத்தில் தப்பானது எது என்று அவளே குறித்துவைக்கட்டும். எந்தத் தாளை எழுதி முடித்ததும் இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது என்பதையும் கேள். விடைத்தாள்களை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. வேதியியலை நான் பார்க்கிறேன், கணிதத்தை எங்கள் பள்ளி ஆசிரியரிடம் கொடுக்கிறேன். பயிற்சி மையத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அதன் பிறகு பேசுவோம்.

தீபாவளி விடுமுறையில் அவளை இங்கே அனுப்பிவை. கரிம வேதியியல் பயமாக இருக்கிறது என்றாளாமே, சேர்ந்து உட்கார்ந்து படிக்கிறோம். நீயும் வந்தால் இன்னும் சந்தோஷம்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி