கேஸ் ஷீட்டில் மூன்று எழுத்து

அன்புள்ள மகளுக்கு,

போன வாரம் நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "இனிமேல் பிறக்கிற ஒவ்வொரு குழந்தையும் இன்னொரு குழந்தையோட பங்கைப் பிடுங்கிக்கிட்டுத்தான் பிறக்குது அம்மா" என்றாய். 37 வருஷம் பிரசவ வார்டில் நின்றவள் நான். அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மனசு வரவில்லை. போனிலேயே பேசியிருந்தால் அழுதிருப்பேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பிறந்தது 1999 அக்டோபரில். உலக மக்கள்தொகை 600 கோடியைத் தொட்டுவிட்டதாக ஐ.நா. அறிவித்ததும் அந்த மாதம்தான். போஸ்னியா நாட்டின் சரஜேவோவில் ஒரு மருத்துவமனையில் அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் பச்சைக் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றார். 2022 நவம்பரில் அது 800 கோடி ஆனது. உனக்கு 23 வயது முடிந்த கையோடு 200 கோடிப் பேர் கூடிவிட்டார்கள். நீ பயப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்த எண் எப்படி ஏறியது, இப்போது ஏன் மெதுவாகிறது என்பதை நான் மிகவும் பக்கத்திலிருந்து பார்த்தவள். அதைக் கொஞ்சம் கேள்.

எங்கள் வார்டில் கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் மூன்று எழுத்து எழுதுவோம். ஜி, பி, எல். ஜி என்றால் எத்தனையாவது கர்ப்பம். பி என்றால் இதுவரை எத்தனை பிரசவம். எல் என்றால் பெற்றதில் உயிரோடு இருக்கும் குழந்தைகள் எத்தனை. நான் வேலைக்குச் சேர்ந்த 1988-ல் 'ஜி6 பி5 எல்2' என்று எழுதுவது அபூர்வமில்லை. ஐந்து பெற்றவளுக்கு இரண்டு மிச்சம். அப்படி ஒருத்தியிடம், "போதும்மா, இந்தப் பிரசவத்தோட ஆபரேஷன் பண்ணிக்கோ" என்றேன். சுவர்ப் பக்கம் படுத்திருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இருக்கிற ரெண்டும் தங்கும்னு எழுதிக் கொடுங்க சிஸ்டர், இப்பவே பண்ணிக்கிறேன்" என்றாள். நான் என்னத்தை எழுதிக் கொடுப்பது?

அப்புறம் வருஷம் போகப் போக அந்தக் கேஸ் ஷீட்டே மாறியது. தடுப்பூசி வந்தது, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் வந்தது, சுத்தமான தண்ணீர் வந்தது. முதலில் பி-யும் எல்-லும் நெருங்கி வந்தன. அதற்குப் பிறகுதான் ஜி இறங்கியது. இந்த வரிசையை நீ மறக்கவே கூடாது. பிள்ளை பிழைக்கும் என்று நம்பிய பிறகுதான் பெண்கள் குறைவாகப் பெற்றுக்கொண்டார்கள். நான் பார்த்தது ஒரு வார்டு, உலகக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. 1990-ல் பிறந்த 1000 குழந்தைகளில் 93 பேர் ஐந்து வயதைத் தாண்டவில்லை. 2022-ல் அது 37 ஆகக் குறைந்திருந்தது. 1960-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து குழந்தைகள். இப்போது இரண்டேகால். அம்மாவாகும் வயதில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் மொத்தம் இன்னும் ஏறத்தான் செய்யும். ஆனாலும் 2080-களில் சுமார் 1030 கோடியில் நின்று, பிறகு இறங்கும் என்பது ஐ.நா.வின் 2024 கணிப்பு.

எண்ணைக் கண்டு பயந்தவர்கள் என்னவெல்லாம் செய்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எங்களுக்கும் மாதத்துக்கு இத்தனை ஆபரேஷன் என்று இலக்கு இருந்தது. வலியில் துடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், அவளுக்குச் சரியாக விளக்கக்கூடச் செய்யாமல், நானே கைரேகை வாங்கியிருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் தூக்கம் வராது. சீனா 35 வருஷம் ஒரே குழந்தைதான் என்று சட்டம் போட்டு வைத்திருந்தது. அப்படி எதுவும் இல்லாத எத்தனையோ நாடுகளில், பெண்கள் படித்ததாலும் கருத்தடை சாதனம் கைக்கு எட்டியதாலும் குழந்தைகள் தாமாகவே குறைந்தன. இன்றைக்கும் கர்ப்பம் வேண்டாம் என்று நினைத்தும் நல்ல கருத்தடை முறை கிடைக்காத பெண்கள் உலகத்தில் 20 கோடிக்கும் மேல். நீ கவலைப்படுவதாக இருந்தால் இவர்களுக்காகக் கவலைப்படு.

அதற்காக, ஜனத்தொகை ஒரு பிரச்சினையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆப்பிரிக்காவில் இருக்கும் நைஜர் மாதிரி நாட்டில் இருபது இருபத்தைந்து வருஷத்தில் ஜனம் இரட்டிப்பாகிறது. அங்கே எத்தனை பள்ளிக்கூடம் கட்டினாலும் வகுப்பில் இடம் போதாது. அந்தக் கஷ்டம் நிஜம். நிலத்தடி நீரும் அப்படித்தான். மனுஷர்கள் எடுக்கும் நன்னீரில் 70 சதவீதம் விவசாயத்துக்கே போகிறது, சாப்பிடும் வாய் கூடினால் அதுவும் கூடும். ஆனால் பூமியைச் சூடாக்கும் கரியமிலப் புகையை எடுத்துப் பார். அதில் கிட்டத்தட்டப் பாதி, உலகத்தின் பணக்காரப் பத்து சதவீதத்தினர் வாழும் வாழ்க்கையிலிருந்து வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நைஜரில் ஏழாவதாகப் பிறக்கும் குழந்தைக்கும் அந்தப் புகைக்கும் என்ன சம்பந்தம்? யாருடைய பங்கையும் அது பிடுங்கவில்லை. அதன் பங்குதான் அது பிறக்கும் முன்பே போய்விட்டது. ஜனம் பெருகினால் சோறு போதாது என்று 1798-லேயே மால்தஸ் என்ற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் சொன்னார். அப்போது உலகத்தில் 100 கோடிப் பேர்கூட இல்லை. இன்று எட்டு மடங்குக்கும் மேல் இருக்கிறோம். விளைகிற உணவில் எவ்வளவோ வீணாகவும் போகிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பது உன் இஷ்டம், மாப்பிள்ளையின் இஷ்டம். வேண்டாம் என்றால் ஏன் என்று நான் கேட்க மாட்டேன். வேறு யாராவது கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். 800 கோடி என்ற எண்ணுக்குப் பயந்து மட்டும் முடிவு எடுக்காதே கண்ணு.

போனை வைக்கும் முன்னால், "நானே இந்த உலகத்துக்கு அதிகப்படிதானே அம்மா" என்றாயே, அதற்குத்தான் அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உனக்கு முன்னால் ஒருவன் பிறந்து ஒன்பது நாள் இருந்தான் என்பது உனக்குத் தெரியும். உன் பிரசவத்துக்கு அட்மிட் ஆனபோது என் கேஸ் ஷீட்டில் 'ஜி2 பி1 எல்0' என்று எழுதியிருந்தது. நீ அழுத சத்தம் கேட்ட பிறகு, என்னோடு வேலை பார்த்த சிஸ்டர் அந்த சைபரை அடித்துவிட்டு 1 என்று எழுதினாள். எழுதியதை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் ஃபைலை மூடினாள்.

அன்புடன்,
அம்மா