டிராக்டர் டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் டியர்டிராப் ஏன் கூடாது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டியர்டிராப் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே படுத்துத் தூங்கும் கண்ணீர்த்துளி வடிவச் சின்னப் பெட்டி வண்டி, செய்ய ஆசைப்பட்டுப் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, செம்பனைக் குலை ஏத்துற டிராக்டர் டிரெய்லருக்குப் போடுவீங்களே, அதே இரும்புல ஒரு சட்டம் அடிச்சுக் குடுங்க. மேல பெட்டிய நாங்களே செஞ்சுக்கிறோம்." பெட்டியை நீங்களே செய்வது நல்ல யோசனை. அந்தச் சட்டத்தை மட்டும் நாங்கள் அடித்துத் தரமாட்டோம். ஏன் என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் ஒரே பதிலாக இருக்கும்.

தோட்டத்து டிரெய்லர் செம்மண் சாலையில் மெதுவாக ஊர்கிற வண்டி. பெரும்பாலானவற்றில் ஸ்பிரிங்கே கிடையாது. குலைக்கு முதுகு வலிக்கப் போவதில்லை. நீங்கள் கேட்பதோ வெள்ளிக்கிழமை இரவு நெடுஞ்சாலையில் கார் வேகத்தில் ஓட வேண்டும், மறுநாள் காலை நம் பேராக் மலைக்காட்டில் லாசா தாண்டிக் குவாலா மூ பக்கம் கல்லிலும் சேற்றிலும் ஏற வேண்டும், ராத்திரி அதற்குள்ளேயே இரண்டு பேர் தூங்க வேண்டும். தடித்த இரும்பு இந்த மூன்றில் எதற்கும் உதவாது. காட்டுப் பாதையில் டிரெய்லரை உடைப்பது பெரும்பாலும் அதன் சொந்த எடைதான். ஒவ்வொரு குழியிலும் அந்த எடை முழுவதும் எகிறி விழுகிறது. சேற்றில் புதைந்தால் அதே எடையைத்தான் நீங்கள் வின்ச் போட்டு இழுக்க வேண்டும்.

அதனால் நாங்கள் முதலில் கேட்பது வரைபடத்தை இல்லை, எடைப் பட்டியலை. 4 அடிக்கு 8 அடி, 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை ஒன்று சுமார் 20 கிலோ. 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 3 மில்லிமீட்டர் தடிமன் என்றால் மீட்டருக்கு 4 கிலோவுக்கு மேல். 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ. அப்புறம் மெத்தை, பேட்டரி, ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி, அம்மா கட்டிக் கொடுக்கிற பாத்திரங்கள். கூட்டிப் பார்த்தால் பலர் மலைத்துப் போகிறார்கள். வீட்டு கேஸ் தோங்கை, அதாவது சிலிண்டரை, தூக்கிக்கொண்டு போக வேண்டாம், சின்ன கேஸ் டப்பா அடுப்பே போதும் என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

எடை எவ்வளவு என்பதைவிட எங்கே உட்காருகிறது என்பது இன்னும் முக்கியம். டியர்டிராப்பில் சமையல் பகுதி பின்பக்கக் கதவுக்குக் கீழே இருக்கிறது. தண்ணீர், ஐஸ் பெட்டி, அரிசி, அடுப்பு எல்லாம் சக்கரத்துக்குப் பின்னால் போய்ச் சேரும், மூக்கு லேசாகிவிடும். மூக்கு லேசான டிரெய்லர் வேகத்தில் வாலை ஆட்டும். ஆட்டம் பெரிதானால் முன்னால் போகிற ஹைலக்ஸ் பிக்கப்பையும் சேர்த்துத் திருப்பிப் போட்டுவிடும். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு, டிரெய்லரை வண்டியோடு மாட்டுகிற கப்ளிங்கின் மேல் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. டிரெய்லர் சாமானோடு 500 கிலோ என்றால் 50 முதல் 75 கிலோ. இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். எல்லாச் சாமானையும் ஏற்றி, சமதளத்தில் நிறுத்தி, வண்டியில் மாட்டுகிற அதே உயரத்தில் கப்ளிங்குக்கு முட்டுக் கொடுத்து, அதன் கீழே குளியலறை எடைத்தராசை வைத்தால் தெரிந்துவிடும். தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலேயோ வைக்கச் சொல்கிறோம். ஸ்பிரிங் தாங்கிகளை போல்ட் போட்டு முன்பின் நகர்த்தும்படி செய்து தருகிறோம். பெட்டி முடிந்த பிறகு அச்சின் இடத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

ஸ்பிரிங் விஷயத்தில் எங்களுக்குப் பிடிவாதம் உண்டு. ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே ரப்பர் வைத்த டார்ஷன் அச்சு சொகுசாக ஓடும், மறுக்கவில்லை. ஆனால் கிரிக்கிலோ குவா மூசாங்கிலோ அது போய்விட்டால் மாற்று கிடைக்காது. இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கை எந்த லோரிப் பட்டறையிலும் சமாளித்துவிடுவார்கள். சக்கரமும் அப்படித்தான். ஹைலக்ஸ், டிரைட்டன், டிமேக்ஸ், ரேஞ்சர் நான்குக்கும் ரிம்மில் 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் 6 ஓட்டைகள். டிரெய்லருக்கும் அதே ரிம், அதே டயர் அளவு போட்டால் ஒரே ஸ்பேர் போதும். சக்கர இடைவெளியும் இழுக்கிற வண்டியோடு ஒத்திருந்தால், வண்டி போட்ட தடத்திலேயே டிரெய்லரும் வரும். மைவியில் இழுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: காரின் கையேட்டில் இழுவை எடை போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லை என்றால் வேண்டாம்.

கப்ளிங்கில் சாதாரண 50 மில்லிமீட்டர் பந்து தார்ச் சாலைக்குச் சரி. கரடுமுரடான தடத்தில் வண்டி ஒரு பக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் சாயும்போது அது ஓரளவுக்கு மேல் திரும்பாமல் முட்டிக்கொள்ளும். எல்லாத் திசையிலும் சுழலும் கப்ளிங் விலை அதிகம். இருந்தாலும் மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

ஓடை கடப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெகுதூரம் ஓடிச் சூடான ஹப் (பேரிங் இருக்கிற சக்கரக் குடம்) குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கரையில் ஒரு தேநீர் குடித்து ஆறவிட்டு இறங்குங்கள். வீடு திரும்பியதும் பேரிங்கைத் திறந்து பார்த்து கிரீஸ் மாற்றுங்கள்.

துருப்பிடிக்காமல் இருக்கச் சட்டத்தை உருகிய துத்தநாகத்தில் முக்கிக் குளியல் கொடுக்க விரும்பினால், வெல்டிங்குக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அடைபட்ட குழாய்க்குள் காற்றோ ஈரமோ இருந்தால் 450 டிகிரி துத்தநாகத்தில் அது வெடிக்கும். அதனால் ஒவ்வொரு குழாயிலும் நாங்கள் முன்கூட்டியே ஓட்டை போட வேண்டும். குழாயில் அங்கங்கே ஓட்டையாக இருக்கிறதே என்று பிறகு யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெட்டி உங்கள் வேலை, அதிகம் சொல்லப் போவதில்லை. ஒட்டுப்பலகை வெட்டு விளிம்பு வழியாகத்தான் தண்ணீர் குடிக்கும். ஒவ்வொரு விளிம்புக்கும், திருகு போடுகிற ஒவ்வொரு ஓட்டைக்கும் எபாக்சி தடவுங்கள். இந்த வடிவம் 1930களில் அமெரிக்காவில் பிறந்தது. அங்கத்திய வரைபடங்களில் காற்றுவழி குறைவாக இருந்தால் அப்படியே பார்த்துச் செய்யாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கூரையில் ஒரு விசிறித் திறப்பும், கீழே கொசுவலை போட்ட இரண்டு காற்றுவழிகளும் இல்லாமல் கேமரன் மலை மாதிரிக் குளிரான இடத்தைத் தவிர வேறெங்கும் தூங்க முடியாது. மூச்சுக்கும் அந்தத் திறப்புகள் வேண்டும். மழை என்றாலும் உள்ளே அடுப்பு மூட்டவே கூடாது.

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ஒப்புதல் இல்லாமல் பொதுச்சாலையில் இழுக்க முடியாது. இரும்பு வெட்டுவதற்கு முன்பே உங்கள் வரைபடத்தோடு அவர்களுடைய அலுவலகத்துக்குப் போய், என்னென்ன வேண்டும் என்று எழுத்தில் வாங்கி வாருங்கள். விளக்கு, எண் பலகை, பிரேக் எல்லாவற்றையும் அதைப் பார்த்தே பொருத்துவோம்.

சட்டத்துக்கு விலை கேட்க வரும்போது இழுக்கப்போகும் வண்டியையே ஓட்டி வாருங்கள், பின்னால் டிரெய்லர் மாட்டுகிற டோ பாரின் உயரத்தை அளக்க வேண்டும். எடைப் பட்டியலும் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் உத்தேச விலைகூடச் சொல்ல மாட்டோம். தீபாவளி வாரம் பட்டறை மூடியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் வெல்டிங் பட்டறையினர்
சுங்கை சிப்புட், பேராக்