ஜூனிப்பரை வெளியே வை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாங்கிய போன்சாயின், அதான் அந்தக் குட்டித் தொட்டி மரத்தின், போட்டோவைப் பார்த்தோம். அம்மா மரத்தைப் பார்த்தாள், நான் அது இருக்கும் இடத்தைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பக்கத்தில், ஏசி காற்றில்! நீ வாங்கியிருப்பது ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரம். அதற்கு வெயிலும் வேண்டும், குளிர்காலத்தில் குளிரும் வேண்டும். வீட்டுக்குள் வைத்தால் மெல்லச் சாகும். செத்த பிறகும் சில வாரம் பச்சையாகவே நிற்கும், அதுதான் வம்பு. இன்றைக்கே பால்கனிக்கு மாற்று. முதல் சில நாள் காலை வெயில் மட்டும் போதும். வீட்டுக்குள்தான் வேண்டுமென்றால் ஃபைகஸ் வாங்கு. நம் ஆல், அரசு, இச்சி வகையறா. நல்ல ஜன்னல் வெளிச்சத்தில் பிழைத்துக்கொள்ளும்.

மண்ணுக்கு மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், தெரிகிறதா? பெயர்த்து எறி. தண்ணீர் இறங்காது, மண் காய்ந்ததும் தெரியாது. கடைக்காரர் சொன்ன 'வாரம் இரண்டு தடவை' கணக்கையும் விடு. விரலை மண்ணில் விட்டுப் பார். மேல்மண் காய ஆரம்பித்திருந்தால், அடி ஓட்டையில் வழியும் வரை ஊற்று.

மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்குகிறோமா என்று கேட்டிருந்தாய். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உரம் போட்டு வளர்த்து, கிளையையும் வேரையும் அவ்வப்போது நறுக்குகிறோம், அவ்வளவுதான். மாடியில் நம் ஆலின் கிளையை வளைத்து வடிவம் கொடுக்க அலுமினியக் கம்பி சுற்றியிருக்கிறேன். இந்த வெயிலில் கிளை மளமளவென்று பருக்கிறது, கொஞ்சம் அசந்தால் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். கழற்றும்போது சுருளைப் பிரிக்கக் கூடாது, துண்டு துண்டாக வெட்டி எடுக்கணும். பட்டை உரிந்தால் பால் வடியும்.

அப்புறம், வாஷிங்டன் உனக்குப் பக்கம்தானே? அங்கே தேசிய மரப் பூங்காவில் ஒரு போன்சாய் அருங்காட்சியகம் இருக்கிறது. யமாகி பைனைப் பார்த்துவிட்டு வா. 1625-லிருந்து தொட்டியில் வளர்க்கப்படும் ஜப்பானிய வெள்ளைப் பைன். 1945-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த இடத்துக்குச் சுமார் 3 கிலோமீட்டரில், யமாகி குடும்பத்தின் நர்சரியில் இருந்தது. வீட்டு ஜன்னல் கண்ணாடி எல்லாம் நொறுங்கியது. சுவருக்குப் பின்னால் இருந்த மரம் தப்பியது. 1976-ல் மசாரு யமாகி அதை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். குண்டு பற்றி மூச்சு விடவில்லை. 2001-ல் அவருடைய பேரன்கள் வந்தபோதுதான் அங்கிருந்தவர்களுக்கே விஷயம் தெரிந்தது. கொடுத்த மனுஷனை நினைத்தால் எனக்கு மரத்தை விட அவர்தான் ஆச்சரியம்.

போனால் அடிமரம் வேரோடு சேரும் இடத்தைக் கிட்டே போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. முழு மரத்தை எல்லோரும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
அப்பா