எடைக்கு எடை கொடுக்காதீர்கள்: அமெரிக்க வேளாண் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவை வேளாண் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

டெக்சாஸில் வரி கட்டி வாழும் தமிழன் நான். கம்பளி, மோஹேர் (அங்கோரா ஆட்டின் மயிர்) மானியம் என்றாலே வீண்செலவு என்று முகம் சுளிப்பவர்கள் உங்களிடையே நிறைய. டெக்சாஸின் எட்வர்ட்ஸ் கவுண்டி ஆட்டுக்காரர்களுக்கு உதவியே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. கொடுங்கள், ஆனால் எடை பார்த்துக் கொடுக்காதீர்கள்.

1954இல் கம்பளிக்கும் மோஹேருக்கும் மானியம் தரும் கம்பளிச் சட்டம் வந்தபோது ஒரு காரணம் இருந்தது. கொரியப் போரில் ராணுவ உடுப்புக்குக் கம்பளி போதவில்லை. 1960இலேயே ராணுவத்துக்கு அவசியமான பொருட்களின் பட்டியலிலிருந்து கம்பளியை எடுத்துவிட்டார்கள், பணம் மட்டும் 1995 வரை போனது. அதுவும் எப்படி? சந்தையில் யார் அதிக விலைக்கு, அதிக எடை விற்றாரோ அவருக்கே மானியமும் அதிகம். நலிந்தவனுக்கு மிச்சம் மீதிதான். 1993இல் அதைப் படிப்படியாக நிறுத்த ஓட்டுப்போட்டீர்கள், 2002இல் விளைபொருளை ஈடாக வைக்கும் கடன் திட்டமாகத் திரும்பக் கொண்டுவந்தீர்கள், மோஹேருக்கு ஒரு பவுண்டுக்கு 4.20 டாலர் என்று. சந்தை விலை அதற்குக் கீழே விழுந்தால் வித்தியாசம் அரசுப் பணம். 2018 பண்ணைச் சட்டத்தில் இந்த வகைப் பணத்துக்கு இருந்த தனிநபர் உச்சவரம்பையும் எடுத்துவிட்டீர்கள். ஏன் எடுத்தீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி.

எட்வர்ட்ஸ் கவுண்டியின் ராக்ஸ்பிரிங்ஸ் ஊர்ப் பக்கம் சுண்ணாம்புப் பாறையும் ஓக்கும் முட்செடியுமான நிலம், உழவுக்கு ஆகாது, ஆடு மட்டும் மேயும். அங்கோரா ஆட்டுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை மயிர் வெட்ட வேண்டும். வெட்டிய சில நாட்களுக்குள் குளிர்மழை பிடித்தால் ஆடுகள் கொத்துக்கொத்தாகச் சாகும், அதனால் சிலர் முதுகில் ஒரு பட்டை மயிரை வெட்டாமல் விடுவார்கள். விதையும் முள்ளும் ஒட்டிய மயிருக்கு விலை கிடையாது. அப்புறம் ஆட்டைப் பிடிக்கும் கொயோட்டி (ஓநாய் போன்ற விலங்கு) வேறு. இதில் எந்தக் கஷ்டத்துக்கும் எடைக்கணக்கு உதவி பதில் சொல்லவில்லை. 1960களில் டெக்சாஸில் 40 லட்சத்துக்கு நெருக்கமாக இருந்த அங்கோரா ஆடுகள் இன்று ஒரு லட்சம்கூட இல்லை. வெட்டிய மோஹேரில் பெரும்பங்கு சலவைக்கும் நூற்புக்கும் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறுகிறது, லாபமும் அங்கேயே தங்குகிறது.

சரி, என்ன செய்யலாம்? ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று உச்சவரம்பைத் திரும்ப வையுங்கள். மிச்சமாகும் பணத்தில் இளைஞர்களுக்கு மயிர் வெட்டப் பயிற்சி, மந்தையைக் காக்கும் நாய்கள், குளிர்மழைக்கு ஒதுங்கக் கொட்டகை, முடிந்தால் டெக்சாஸிலேயே சிறு மோஹேர் சலவை ஆலைகள். அடுத்த பண்ணைச் சட்டத்துக்கான கருத்துக்கேட்பு ஒன்றை ராக்ஸ்பிரிங்ஸில் நடத்துங்கள். பெரிய பண்ணைக்காரர்கள் எப்படியும் வாஷிங்டன் வந்துவிடுவார்கள், ஐம்பது ஆடு வைத்திருப்பவரால் மந்தையை விட்டுவிட்டு வர முடியாது.