‘ஐ’யிலா, ‘சா’விலா?

ஹல், இங்கிலாந்து
ஞாயிறு காலை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நைட் டூட்டி முடிஞ்சு வந்தும் தூக்கம் வரல. போன்ல பேசினா அம்மா, மாமா, பிள்ளைங்கன்னு எல்லாரும் நடுவுல வந்துடுவீங்க, சொல்ல வந்தது பாதியில நின்னுடும். அதான் எழுதுறேன். அம்மாவுக்குப் படிச்சுக் காட்டும்போது ஒரு இடத்தை மட்டும் தாண்டிடு. எதுன்னு உனக்கே தெரியும்.

வியாழக்கிழமை ராத்திரி ஒரு பப்புக்குப் போனேன். (இந்த இடம்தான்.) முள்ளோடையில வரிசையா நிக்குமே, அந்த மாதிரி பிராந்திக் கடை இல்லக்கா. பாட்டிமாருங்க சோறு சாப்பிட வர்ற இடம். நான் எலுமிச்சை ஜூஸ்தான் குடிச்சேன், நம்பினா நம்பு. எங்க வார்டுல ரிட்டயர் ஆகப்போற ஒரு சிஸ்டர், “மீன்காரப் பொண்ணு நீ, இதைக் கேக்காம ஊருக்குப் போகக்கூடாது”ன்னு இழுத்துட்டுப் போனாங்க. மாடியில ஒரு பழைய ரூம், வாராவாரம் அங்க ஃபோக் கிளப், அதாவது நாட்டுப்பாட்டுக் கூட்டம். 1950கள்ல இருந்து இந்த நாடு முழுக்க இப்படிப் பப்பு மாடியில கூடிப் பாடுற வழக்கம் இருக்காம். மைக் இல்ல, மேடை இல்ல. நாப்பது நாற்காலி இருக்கும். உட்கார்ந்திருந்ததுல முக்கால்வாசிப் பேருக்கு அப்பா வயசு. அஞ்சு பவுண்டு வாங்கிட்டு கையில முத்திரை குத்தினாங்க.

பாட வந்தவங்க யாருன்னு தேடினேன். பக்கத்துல உட்கார்ந்திருந்தவங்களேதான்! முதல்ல ஊர்க்காரங்க ஆளுக்கு ரெண்டு பாட்டு, காசு கிடையாது. அப்புறம்தான் காசு குடுத்துக் கூப்பிட்ட விருந்தாளி. ஒரு தாத்தா கண்ணை மூடி, ஒரு கையைக் காதோரம் குவிச்சு வெச்சுக்கிட்டு வாத்தியமே இல்லாம பாடினார். பதினாலு சரணம் எண்ணினேன். ஒருத்தர் இருமல, போன் எடுக்கல. கதவைத் திறக்க வந்த பொண்ணுகூட பாட்டு முடியிற வரைக்கும் வெளியவே நின்னுச்சு. நம்ம ஊர்க் கச்சேரியில இப்படி நின்னிருப்போமா?

இன்னொருத்தர் கையில சின்னதா ஒரு வாத்தியம். ரெண்டு பக்கமும் ஆறு மூலையில மரச்சட்டம், பொத்தான், நடுவுல துருத்தி. கூத்துல வாசிக்கிற பெட்டியைத் தண்ணியில போட்டுச் சுருங்க வெச்ச மாதிரி இருக்கு, பேரு கான்செர்ட்டினா. சத்தம் கொஞ்சம் மூக்கால பேசுற சத்தம்தான். ரெண்டாவது பாட்டுல எனக்குப் பிடிச்சுப்போச்சு.

இடைவேளைக்கு முன்னாடி ஒரு அம்மா எழுந்து தான் எழுதின கவிதையை வாசிச்சாங்க. இந்த ஊரும் கடல் ஊர்தாங்க்கா. ஐஸ்லாந்து வரைக்கும் போய் காட் மீன் பிடிச்சுட்டு வந்த ஊர். 1968 ஜனவரி, பிப்ரவரியில நாலு வாரம்கூட ஆகல, அதுக்குள்ள மூணு கப்பல் மூழ்கிப் போயிடுச்சு. 58 பேர். கப்பல் மேல தண்ணி தெறிச்சு தெறிச்சு உறைஞ்சு, பனி பாரம் ஏறி ஏறி கப்பலே சாஞ்சுடுமாம். முதல்ல போன கப்பல்ல ரேடியோ பாக்க ஆளே இல்ல. கடைசிக் கப்பல்ல பிழைச்சவர் ஒரே ஒருத்தர். அப்போ இந்த ஊர்ப் பொம்பளைங்க தலையில ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டுத் தெருவுல இறங்கினாங்க. முன்னால நின்னவங்க லிலியன் பிலோக்கான்னு மீன் கம்பெனியில வேலை பாத்த அம்மா. ‘ரேடியோ ஆள் இல்லாம ஒரு கப்பலும் போகக்கூடாது’ன்னு லண்டன் வரைக்கும் போய் மந்திரிங்களைப் பாத்து, கேட்டதை வாங்கிட்டு வந்தாங்க.

கவிதையில கப்பல் இல்ல, புயல் இல்ல. ஒரு வீட்டு வாசல்ல கழுவி வெச்ச ஒரு ஜோடி பூட்ஸ் மட்டும்தான். 2004-ல நம்ம தெருவுல சித்தப்பாவோட டிபன் கேரியரை யாரும் எடுக்காம மாசக்கணக்குல திண்ணையில கிடந்துச்சே, அதுதான் எனக்கு நெனப்பு வந்துச்சு. நம்ம ஊர்னா அந்த நிமிஷமே ஒப்பாரி எழும்பியிருக்கும். இங்க ஒரு சத்தமும் இல்ல. எல்லாரும் தரையைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, அப்புறம் மூக்கைத் துடைச்சிட்டு குலுக்கல் டிக்கெட் விக்க ஆரம்பிச்சுட்டாங்க! பரிசு ஒரு ஒயின் பாட்டில், ஒரு பாட்டில் ஆரஞ்சு ஜாம். ஜாம் எனக்கு விழுந்துச்சு. கசக்குது.

இடைவேளைக்கு அப்புறம் கயிறு இழுக்கிற பாட்டு. பாய்மரக் கப்பல் காலத்துப் பாட்டு இது, பேரு ஷாண்டி. ஒருத்தர் ஒரு வரி எடுப்பார், மத்தவங்க மறுவரி பாடிக்கிட்டே பாயை ஏத்துவாங்க. நீராவிக் கப்பல் வந்ததும் இழுக்கக் கயிறு இல்லாம பாட்டு மட்டும் மிஞ்சிடுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சுக்கா. அப்பா வலை இழுக்கும்போது பாடுற அம்பாப் பாட்டேதான்! பக்கத்துல இருந்த சிஸ்டர்கிட்ட சொல்லித் தொலைச்சேன். அவங்க சும்மா இருப்பாங்களா, கையைத் தூக்கி, “இந்தப் பொண்ணுகிட்ட ஒரு பாட்டு இருக்கு”ன்னுட்டாங்க.

எழுந்து நின்னா எனக்கு மூணு வரிதான் ஞாபகம் இருக்கு. கரைவலை இழுக்கும்போது வலையோட மடி கிட்ட வந்துடுச்சுன்னு அப்பா குரலை ஏத்துவாரே, அந்த இடம். ‘ஏலேலோ’ன்னு ஆரம்பிச்சேன், ‘ஐலசா’ன்னு ரெண்டாவது தரம் சொல்லும்போது நாப்பது பேரும் சேர்ந்துட்டாங்க. அர்த்தம் கேக்கல, எப்படி உச்சரிக்கிறதுன்னு கேக்கல. மூணு வரியையே திருப்பித் திருப்பி அஞ்சு தரம் பாடி ஒப்பேத்தினேன். கை தட்டினாங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு, பாடினதுக்கு இல்ல, மீதி தெரியாததுக்கு.

அதுக்கப்புறம்தான் மாட்டினேன். பதினாலு சரணம் பாடின தாத்தா கிட்ட வந்தார். இளவயசுல மீன் கப்பல்ல போனவராம். ஐஸ்லாந்து 200 மைல் வரைக்கும் தன் கடல்னு சொன்னதுல இந்த நாட்டோட வந்த சண்டை 1976-ல முடிஞ்சப்புறம் இந்த ஊர்த் தொழிலே படுத்துடுச்சுன்னு சொன்னார். இந்த நாட்டுப் பாட்டுக்கெல்லாம் ஒரு ஆள் பட்டியல் போட்டு நம்பர் குடுத்திருக்காராம், கிட்டத்தட்ட 25,000 பாட்டு. ஆதார் மாதிரி! 1903-ல ஒரு தோட்டக்காரர் பாடினதைக் கேட்டு ஒருத்தர் எழுதிவெச்சாராம், அதுல இருந்து ஊர் ஊராப் போய்ச் சேகரிச்சாங்களாம். இதெல்லாம் சொல்லிட்டு கேட்டார்: “உங்க பாட்டுல இழுப்பு எங்க விழுது? ‘ஐ’யிலா, ‘சா’விலா?”

முழிச்சேன். பொறந்ததுல இருந்து கேட்ட பாட்டு, கயித்தை நாம தொட்டதே இல்லையே! பொட்டப்பிள்ளைங்க கூடையோட மேட்டுலதான நின்னோம். தெரியாதுன்னு சொன்னேன். “அப்பா இருக்காரில்ல, கேளு”ன்னார். அடுத்த மாசம் வந்து சொல்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன்.

நீதான் பாக்கணும். அப்பாகிட்ட நேரா கேக்காதே, ‘உங்களுக்கு வேற வேலை இல்லையா’ம்பார். வலை பழுது பாக்கும்போதும் வேண்டாம், அப்போ முனகுறது சினிமாப் பாட்டு. டிராக்டர் வராத நாளாப் பாத்து, ஃபைபர் போட்டைக் கையால மேட்டுக்கு ஏத்துவாங்கல்ல, அப்போ போய்க் கிட்ட நில்லு. வாயைப் பாக்காதே, கையைப் பாரு. கயிறு எந்த எழுத்துல விறைக்குதுன்னு பாத்து எழுது. மீதி வரியையும் போன்ல பதிவு பண்ணிடு, போன் கூடைக்குள்ள இருக்கட்டும்.

மாசி மகத்துக்குச் சாமி கடலுக்கு வந்த போட்டோ அனுப்பின, தேதி தப்பாப் போட்டிருக்க. அம்மாவுக்கு முட்டிவலி மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்தான்னு சொல்லு. கருவாடு அனுப்பாதே, போன தரம் வந்ததுக்கு இந்த மாடி முழுக்கக் கதவைத் தட்டிட்டுப் போனாங்க.

உன் தங்கச்சி