பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: அரையாண்டுச் செய்திகளும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வு முடிவுகள் மொத்தத்தில் திருப்தி. மாவட்ட விளையாட்டுப் போட்டிகளில் பரிசுகள் வந்தன, அறிவியல் கண்காட்சி நன்றாக நடந்தது, நாட்டு நலப்பணித் திட்ட முகாமும் குறைவில்லாமல் முடிந்தது. கழிப்பறைக் குழாய் வேலையும் ஒருவழியாக முடிந்துவிட்டது. ஒத்துழைத்த எல்லோருக்கும் நன்றி.

சரி, இனி சொல்ல வந்த விஷயம்: பொதுத்தேர்வுக்கு முன்பே தனியார் பல்கலைக்கழகங்களில் சீட்டு வாங்கும் அவசரம்.

டிசம்பரில் சென்னையிலிருந்து ஒரு தனியார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் நம் அரங்குக்கு வந்து அறிமுக நிகழ்ச்சி நடத்தினார்கள். அவர்களை அழைத்தது நான்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. நம் பிள்ளைகளில் பலர் ரோபோ கை ஒன்றைத் தொட்டுப் பார்த்ததே அன்றுதான். பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் உரிமை இருப்பதால் செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் போன்ற படிப்புகளை இத்தகைய நிறுவனங்கள் சீக்கிரம் கொண்டுவந்துவிடுகின்றன. பெருநகரில் இருப்பதால் படிக்கும்போதே ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் போய் வரலாம். இவையெல்லாம் உண்மையான வசதிகள்தான்.

ஆனால் அந்த நிகழ்ச்சிக்கு அடுத்த வாரமே முன்பணம் கட்டிச் சீட்டு வாங்கும் வேகம் தொடங்கிவிட்டது. போன புதன்கிழமை ஒரே பிரிவில் பதினொரு பேர் வரவில்லை. பெரும்பாலான விடுப்புக் கடிதங்களில் காரணம் காய்ச்சல். அன்று மாலையே ஒரு மாணவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், பல்கலைக்கழக நீரூற்றுக்கு முன்னால் குடும்பத்தோடு எடுத்த படம். காய்ச்சல் போன மாதிரிதான் தெரிந்தது.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். திருப்புதல் தேர்வு இயற்பியல் விடைத்தாள் ஒன்று என் மேசைக்கு வராமல் இருந்திருந்தால். நன்றாகப் படிக்கிற பையன். ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் வினாக்கள் எல்லாம் ஒழுங்கு. ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்தும் வெள்ளையாக இருந்தன. மொத்தம் 70 மதிப்பெண்ணில் 25 மதிப்பெண்ணுக்கான வினாக்களை அவன் தொடவே இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "சீட் ஆயிடுச்சு சார், இனிமே பாஸ் ஆனா போதும்" என்றான். சேர்க்கைத் தாளைக் கொண்டுவரச் சொல்லிப் பின்பக்கத்தைத் திருப்பினோம். தற்காலிகச் சேர்க்கை, கணிதம் இயற்பியல் வேதியியலில் 60 சதவீதம் கட்டாயம் என்று பொடி எழுத்தில் இருந்தது. "இது அப்பாவுக்குத் தெரியுமா சார்?" என்று என்னையே கேட்டான்.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. கடைசி நேரத்தில் இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் எந்த வீட்டிலும் இருக்கும். அதனால்தான் சில விவரங்களைச் சொல்கிறேன்.

இங்கே நாம் தனியார் பல்கலைக்கழகம் என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை, 1956ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ் வரும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அதாவது பல்கலைக்கழகத்துக்கு நிகரான தகுதி பெற்ற நிறுவனங்கள். பொறியியல் இடங்களைத் தரவரிசைப்படி அரசே ஒதுக்கும் தமிழ்நாட்டின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இவை இல்லை. கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்கான மதிப்பெண், போடுகிறார்கள். அரை மதிப்பெண் குறைந்தாலே தரவரிசையில் எவ்வளவு பேர் முந்திப்போகிறார்கள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு அரசு தரும் கல்விக் கட்டணச் சலுகையும் இந்தக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான். கல்லூரி நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டிலோ நிகர்நிலையிலோ நேரடியாகச் சேர்ந்தால் அது கிடையாது. இதைத் தெரியாமல் பணம் கட்டிய பெற்றோர் நம் பள்ளியிலேயே இருக்கிறார்கள்.

அப்புறம், டிசம்பர் நிகழ்ச்சியில் வைத்த பேனரில், படித்து முடித்தால் கிடைக்கும் என்று போட்டிருந்த சம்பளம். நான் கணக்கு வாத்தியார், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரில் ஒருவருக்கு 40 லட்சம், மற்ற ஒன்பது பேருக்கும் தலா 4 லட்சம் என்றால் சராசரி 7.6 லட்சம். பேனரில் 40 வரும், பேச்சில் 7.6 வரும். உங்கள் பிள்ளைக்கு வர வாய்ப்புள்ளது 4. எல்லாச் சம்பளங்களையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் இந்த எண்ணைத்தான் இடைநிலை அளவு என்கிறோம். 2016 முதல் வெளிவரும், கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையின் இணையதளத்தில், பட்டியலில் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் கொடுத்த விவரத்தில் இந்த இடைநிலைச் சம்பளம் இருக்கிறது. விவரம் நிறுவனமே கொடுப்பதுதான், ஆனாலும் பேனரைவிட மேல். இன்னொன்று, படிப்பின் தரத்தைப் பார்த்துத் தேசிய அங்கீகார வாரியம் தரும் என்.பி.ஏ. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகத் தருவதில்லை, பாடப்பிரிவு வாரியாகத்தான். இரண்டு பேட்ச்சாவது படித்து முடித்த பிறகே அதற்கு விண்ணப்பிக்க முடியும். ஆகவே நேற்றுத் தொடங்கிய படிப்புக்கு அது இருக்காது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

பணம் கட்டிவிட்டவர்கள் பதற வேண்டாம். 2024-25 கல்வியாண்டுக்கு யு.ஜி.சி. வெளியிட்ட விதிப்படி, செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுத் தொகையையும், அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் 1000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியையும் திருப்பித் தர வேண்டும். இந்த ஆண்டு அறிவிப்பு வந்ததும் தேதிகளைப் பார்த்துக்கொள்வோம். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018லேயே அறிவித்துவிட்டார்கள். ஆகவே பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இப்போது கண்டிப்பாக ஒன்று சொல்லியாக வேண்டும். பொதுத்தேர்வு முடியும்வரை கேம்பஸ் பார்க்க விடுப்பு கிடையாது. பொய்க் காரணம் எழுதிய கடிதத்தில் பெற்றோர் கையெழுத்து இருந்தால், அந்தப் பெற்றோர் நேரில் வந்து என்னிடம் விளக்க வேண்டும். பிள்ளையின் கண் முன்னால் நாமே பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவன் காப்பியடிக்கிறான் என்று வகுப்பாசிரியர் சொல்லும்போது கோபப்படுவதில் நியாயமில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உள்ள எண்களைச் சேர்க்கை ஏஜென்ட்டுகளுக்குக் கொடுப்பதும் இன்றோடு நிற்க வேண்டும்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. இரவுப் பேருந்தில் சென்னை போய், பகல் முழுக்கக் கேம்பஸ் சுற்றிவிட்டு, மறுநாள் காலையில் வேலைக்குப் போன அப்பா அம்மாக்கள் நீங்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த அக்கறைக்கு நன்றி. மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து பிள்ளைகளை அழைத்துப்போக வாசலில் காத்து நிற்பதற்கும் நன்றி.

வரும் சனிக்கிழமை காலை 10 மணி முதல் பள்ளிக் கணினி அறையில் இருப்பேன். கட்டிய ரசீதும் சேர்க்கைத் தாளும் இருந்தால் எடுத்து வாருங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து வாசித்துவிடலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்